இசைத்தட்டும் அமானிதமும்: பழமையேக்கத்தின் அறம் பற்றிய ஒரு நோக்கு

1

கழிந்துபோன காலத்தை மனிதன் ஏன் விரும்புகின்றான் என்பது பலகாலும் கேட்கப்பட்ட வினா. அவ்வாறு விரும்புதல் எவ்வளவிற்கு முறையானது என்பது அருகியே கேட்கப்படும் வினா. முன்னையது உளவியலின் பாற்படும். பின்னையது அறவியலின் பாற்படும். இக்கட்டுரை பின்னைய வினாவையே எடுத்துக்கொள்கின்றது. அதனை ஆராய்வதற்குப் பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் வழக்கம் நல்லதொரு வாயிலாக அமைகின்றது.

விரும்பிய பாடலை விரும்பிய கணத்திலே கைத்தொலைபேசியிற் கேட்கக்கூடிய இக்காலத்தில், பாரமானவையும் எளிதில் உடைபவையும் கீறல் விழுந்தவையுமான வட்டத் தகடுகளைத் தேடி அலைவோர் உலகெங்கும் உளர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1920களின் ஜாஸ் இசைத்தட்டுகளுக்காகப் பெரும்பொருள் செலவிடுவோர் இருக்கின்றனர். எமது நாட்டிலே எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா, கே. பி. சுந்தராம்பாள், நாகூர் ஈ. எம். ஹனிபா ஆகியோரின் தட்டுகளைத் தேடுவோர் இருக்கின்றனர். இவர்களுட் பலர் அத்தட்டுகள் வெளிவந்த காலத்தில் பிறந்திராதவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. தாம் வாழாத காலமொன்றிற்காக அவர்கள் ஏங்குகின்றனர். இவ்வேக்கம் கலை மீதுள்ள காதலா? உடைமை வேட்கையா? நிகழ்காலத்தை எதிர்கொள்ள மாட்டாமையின் வெளிப்பாடா?

'நொஸ்டால்ஜியா' என மேலைத்தேயத்தார் கூறும் இவ்வுணர்வை இக்கட்டுரையிற் பழமையேக்கம் என வழங்குவோம். அச்சொல்லின் வரலாறு எமது வினாவிற்குப் பயன்படும். 1688இல் யொஹான்னஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் அளித்த ஆய்வேட்டிலே, வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து அதனை ஆக்கினார். அயலிடத்தில் வாழ்ந்தோரைப் பீடித்த ஊர்நினைவு நோய்க்கு அவர் இட்ட பெயர் அது. ஆதியில் அஃது இடம் பற்றிய ஏக்கம், காலம் பற்றியதன்று. இவ்விரண்டிற்குமிடையே முக்கியமானதொரு வேறுபாடுண்டு. ஊரைப் பிரிந்தவன் என்றாவது ஊர் திரும்பலாம். திரும்பியதும், தான் எண்ணியிருந்த ஊரும் உண்மையான ஊரும் ஒன்றோ வேறோ எனக் கண்டுகொள்ளலாம். காலத்தைப் பிரிந்தவனுக்கு அத்தகைய சோதனை இல்லை. அவன் ஏக்கம் பொய் கூறினும் அதனைத் திருத்துவார் இலர். இக்காரணத்தாலேயே காலம் பற்றிய ஏக்கம் அறவினாவொன்றை எழுப்புகின்றது.

தமிழிலக்கியம் இவ்வுணர்வை நன்கறியும். புறநானூற்றின் 243ஆம் பாடலிலே தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர் தமது இளமை விளையாட்டுகளை நினைந்து இரங்குவதாகப் பாடியுள்ளார். அம்முதியவர் இரங்குவது தமது இளமைக்கே. தமது இளமை நிகழ்ந்த காலம் எல்லோருக்கும் பொற்காலமாக இருந்ததென அவர் வாதிடவில்லை. தன் வாழ்வு கழிந்தமைக்கு ஒருவன் இரங்குதல் இயல்பு. அதில் அறக்குற்றம் யாதுமில்லை. 'என் இளமை கழிந்ததே' என்பது 'அக்காலம் நல்ல காலம்' என மாறும்போதுதான் அது பிறரைப் பற்றிய கூற்றாகின்றது. பிறரைப் பற்றிய கூற்று உண்மையா என்று கேட்கப் பிறருக்கு உரிமையுண்டு.

2

இசைத்தட்டு என்னும் பொருளைச் சிறிது நோக்குவோம். எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து மீட்கும் கருவியை ஆக்கினார். பத்தாண்டின் பின்னர், 1887இல், எமில் பேர்லினர் கிராமபோனுக்கு உரிமம் பெற்றார். தட்டையான வட்டத் தகடு அவர் வழியே உலகெங்கும் பரவிற்று. பிற்காலத்தில் வழக்கூன்றிய தகடு நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழல்வது. அரக்குடன் கற்பொடி முதலியன கலந்து அழுத்தி ஆக்கப்பட்டது. அவ்வரக்கு பெரும்பாலும் இந்திய நாட்டு மரங்களில் வாழும் சிறு பூச்சியினத்தின் பிசினிலிருந்து பெறப்பட்டது. நியூ ஓர்லியன்ஸ் நகரத்து இசையும் தஞ்சாவூர் இசையும் ஒரே பிசினிலே பதிந்தன எனலாம்.

பத்தங்குலத் தகட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடங்களே ஒலிக்கும். ஆகவே ஒரு முழு இரவு பாடவல்ல வித்துவானும் தன் இராகத்தை அந்த 3 நிமிடங்களுக்குள் அடக்க வேண்டியிருந்தது. 1902இல் கல்கத்தாவிற் பாடிப் பதிவுசெய்த கௌஹர் ஜான், பாட்டின் முடிவிலே தம் பெயரைத் தாமே உரத்துக் கூறுவார். பதிவு ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்டு அங்கேயே தகடாக்கப்பட்டதால், பாடியவர் யாரென அங்குள்ளோர் அறிவதற்கு அது துணைசெய்தது. பெயரைக் குரலே சுமந்து சென்ற அவ்வழக்கம் எமது ஆய்விற் பின்னரும் நினைவுகூரப்படும்.

இன்று பழமையேக்கத்தின் சின்னமாக விளங்கும் இக்கருவி, தான் தோன்றிய காலத்தில் மரபின் பகையாகக் கருதப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1909இல் வெளிவந்த தமது கட்டுரைத் தொகுதியொன்றிலே ஆனந்த குமாரசுவாமி கிராமபோனைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். உயிருள்ள பாடகனின் இடத்தை இயந்திரம் பற்றிக்கொள்ளும்போது கேட்போனின் சுவையுணர்வும் பாடுவோனின் வாழ்வும் குன்றும் என்பது அவரது கவலை. அவர் ஏங்கியது கிராமபோனுக்கு முற்பட்ட காலத்திற்கு. நாம் ஏங்குவது கிராமபோன் காலத்திற்கு. நாளை எமது பேரர் கைத்தொலைபேசிக் காலத்திற்காக ஏங்கக்கூடும். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்திய தலைமுறை அழிவெனக் கண்டதையே ஆக்கமெனக் கொண்டாடுகின்றது. பழமையேக்கம் காட்டும் பொற்காலத்திற்கு வரலாற்றில் நிலையானதோர் இடமில்லை என்பது இதனாற் பெறப்படும்.

3

ஜாஸ் இசைத்தட்டுகளின் வரலாறு இவ்வுண்மையை மேலும் தெளிவுறுத்துகின்றது. ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆக்கிய இசை. ஆயின் முதலாவது ஜாஸ் இசைத்தட்டெனப் பொதுவாகக் கொள்ளப்படுவது 1917இல் வெள்ளையர் குழுவொன்று இசைத்துப் பதிந்தது. கறுப்பினப் பாடகியான மேமி ஸ்மித் 1920இற் பதிந்த புளூஸ் பாடலொன்று பெருந்தொகையாக விற்பனையான பின்னரே, கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவோர் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தன. அதன்பின் அவர்களுக்கெனத் தனிப் பட்டியல்கள் வெளியிடப்பட்டன. பேருந்திலும் பாடசாலையிலும் உணவகத்திலும் நிலவிய இனப் பிரிவினை இசைத்தட்டுப் பட்டியலிலும் நிலவியது. பாடியோர் பலருக்கு ஒரு முறை கொடுக்கப்பட்ட சிறுதொகையன்றி வேறு வருவாய் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு கிடைத்தல் அரிதாயிற்று. 1942இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகள் திரட்டப்பட்டுப் புதிய தட்டுகளுக்கு மூலப்பொருளாயின. இவ்வாறு அழிந்தவற்றுக்குத் தப்பியவற்றைப் பழைய பண்டக் கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் தேடித் திரட்டியவர்கள் தனிப்பட்ட சேகரிப்பாளரே. ஹரி ஸ்மித் என்பவர் தாம் திரட்டிய தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் தெரிந்து 1952இல் வெளியிட்ட தொகுதி, அடுத்த தலைமுறை அமெரிக்கப் பாடகரின் போக்கையே மாற்றியது. அரசும் பல்கலைக்கழகமும் பொருட்படுத்தாத காலத்திலே ஒரு மக்கட் கூட்டத்தின் குரலைச் சேகரிப்பாளர் காத்தனர் என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

எனினும் மறுபக்கமும் உண்டு. அத்தட்டுகளைத் தேடியோரிற் பலருக்குத் தட்டின் இலக்கமும் அரிதாந்தன்மையும் தெரிந்த அளவிற்குப் பாடியவரின் வாழ்வு தெரிந்திருக்கவில்லை. அமெரிக்க அரசு 1958இல் டேவ் புரூபெக்கையும் 1963இல் டியூக் எலிங்டனையும் கலைத்தூதுவராக ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. இருவரும் இலங்கையிலும் இசைத்தனர். சுதந்திரத்தின் இசையென அது எமக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. எலிங்டன் வந்த அவ்வாண்டில் அவருடைய இனத்தவர் தமது நாட்டின் தென்மாநிலங்களில் வெள்ளையருடன் ஒரே மேசையில் உண்ணும் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். இனப் பிரிவினையைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964இலேயே நிறைவேறியது. 'ஜாஸின் பொற்காலம்' என்று இன்று ஒருவர் பெருமூச்செறிவாராயின், அப்பொற்காலம் அவ்விசையை ஆக்கியோருக்கும் பொற்காலமாக இருந்ததா என்ற வினாவிற்கு அவர் விடையிறுக்கக் கடமைப்பட்டவர். இசை இனிது என்பதனால் அவ்விசை பிறந்த காலமும் இனிது என்றாகிவிடாது. பல வேளைகளில் அக்காலத்தின் கொடுமைக்கு மறுமொழியாகவே அவ்விசை பிறந்துள்ளது.

4

இந்நோக்கை எமது மண்ணிற்குக் கொணர்வோம். கொழும்பில் 1925 டிசெம்பரில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் போர்வீரருக்கென இங்கு வலுமிக்க ஒலிபரப்பி ஒன்றை அமைத்தது. போரின் பின் அது இலங்கையின் உடைமையாயிற்று. 1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தென்னாசியாவெங்கும் கேட்கப்பட்டதற்கு அவ்வொலிபரப்பியும், அந்நிலையத்தின் இசைத்தட்டுக் களஞ்சியமும், 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியமையும் காரணங்களாயின. தமிழகத்து வீடுகள் தமிழ்த் திரைப்பாடலைக் கேட்கக் கொழும்பை நாடின. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடலுக்கு அப்பாலும் அறிமுகமானது.

அக்குரல்கள் எட்டிய ஊர்களுள் ஒன்று பொத்துவில். 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்திலும் அதன்பின் அம்பாறை மாவட்டத்திலும் அடங்கும் இவ்வூர், வயலும் சேனையும் கடலும் சூழ்ந்தது. பெரும்பான்மையோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். தமிழரும் சிங்களவரும் அயலில் வாழ்வோர். கலியாண வீட்டிலும் சுன்னத்து வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் தென்னை மரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிப் 'பாட்டுப்பெட்டி' வைத்த காலத்தை ஊரின் முதியோர் இன்றும் கூறுவர். இசை கேட்டல் பற்றி மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் பொருளன்று. அவர்கள் கேட்டனர் என்பதும், கேட்டதை இன்றும் நினைக்கின்றனர் என்பதுமே ஈண்டு எமக்கு வேண்டுவன.

ஆயின் இசைத்தட்டிற் பதியாதது எவ்வளவு? அறுவடைக் காலத்து வயலிலும் வீட்டு முற்றத்திலும் கிழக்கிலங்கை முஸ்லிம்கள் பாடிய கவிகள், பொல்லடிப் பாட்டுகள், நோன்புகால இரவுகளில் றபான் அடித்துச் சஹருக்கு எழுப்பிய பக்கீர்களின் பைத்துகள், உம்மாமாரின் தாலாட்டுகள் ஆகியவற்றை விற்பனைக்குரியனவென எந்நிறுவனமும் கருதவில்லை. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் முதலியோர் திரட்டி அச்சேற்றியதனால் அவற்றுட் பலவற்றின் சொற்கள் எஞ்சின. அவை பாடப்பட்ட குரலும் மெட்டும் பெரும்பாலும் எஞ்சவில்லை. ஆகவே, 'பழைய இசைத்தட்டுகளில் எமது பழைய வாழ்வு பதிந்துள்ளது' என்பது அரைகுறை உண்மையே. அவற்றில் உள்ளது, சென்னையிலும் கல்கத்தாவிலும் விற்கத்தக்கதெனத் தெரியப்பட்டவற்றை நாம் கேட்ட வாழ்வு. நாமே பாடிய வாழ்வு அவற்றில் இல்லை.

5

இவ்வாய்வை எடுத்துக்கொள்ளத் தூண்டிய குடும்ப அனுபவமொன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். கட்டுரையாளரின் மூத்தவாப்பா பொத்துவிலில் ஒரு பாட்டுப்பெட்டியும் அறுபதுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளும் வைத்திருந்தார். அவற்றுள் இருபதளவில் அவருடையவை அல்ல. அண்மையிலுள்ள கோமாரியைச் சேர்ந்த தமிழ் நண்பரொருவருடையவை. இருவரும் தட்டுகளை மாற்றிக் கேட்பதும் விழாக்களுக்குச் சேர்ந்து கொண்டுசெல்வதும் வழக்கம். எது யாருடையது என்பதை உறையின் மூலையிற் பென்சிலால் எழுதியிருந்தனர். 1990இல் அந்நண்பரின் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று. போகும்போது தட்டுகளைப் பற்றி எண்ண நேரமிருக்கவில்லை. மூத்தவாப்பா அவற்றைத் தனிப்பெட்டியொன்றில் வைத்து, "இது அமானிதம்" என்று கூறிவந்தார். அவர் காலமான பின்னரும் பெட்டி அவ்வாறே இருந்தது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. எமது வீட்டில் உயிர்கள் தப்பின, வீடு தப்பவில்லை. பாட்டுப்பெட்டி போயிற்று. சில நாட்களின் பின் மணலுக்குள்ளிருந்து 31 தட்டுகள் உடையாமற் கிடைத்தன. அரக்குத் தகடு உப்புநீரில் உடனே கரைவதில்லை. ஆனால் உறைகள் கூழாகிவிட்டன. பாடகரின் பெயரைத் தாங்கிய நடுத்தாளும் உரிந்துபோயிற்று. பெயரற்ற கருந்தகடுகளே எஞ்சின.

பல்லாண்டுகளின் பின், 78 வேகத்திற் சுழலும் பழைய கருவியொன்றைத் தேடிப்பெற்று அவற்றைக் கேட்டபோது, கட்டுரையாளரின் உள்ளத்தில் முதலில் எழுந்தது மகிழ்ச்சியே. ஒவ்வொரு குரலாக அடையாளங்கண்டு எழுதிவைக்கத் தொடங்கினேன். அப்போதுதான் வேறொரு வினா எழுந்தது. இவற்றுள் நண்பருடையவை எவை? பாடலைக் கொண்டு பிரிக்கலாமென எண்ணினேன், இயலவில்லை. முருகன் பாடல்களை மூத்தவாப்பா விரும்பி வாங்கியிருந்தார். ஹனிபாவின் தட்டுகளிற் சில அந்நண்பர் கொணர்ந்தவை என்பதை வீட்டார் அறிவர். 'அக்காலத்தில் நாங்கள் ஒரே பாட்டைக் கேட்டோம்' என்று முதியோர் கூறுவது முற்றிலும் உண்மை. அந்த உண்மையே, அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்க இயலாதபடி தடையாயிற்று.

உம்மம்மாவிடம் இதனைக் கூறினேன். அவர் சிறிதுநேரம் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உங்கட மூத்தவாப்பாக்கு அது நல்ல காலந்தான் மகன். பெட்டி முன்வாசல்ல பாடும். நாங்க அடுப்படிக்குள்ள இருந்துதான் கேப்பம். பாட்டு முடியிற நேரம் சோறும் முடிஞ்சிருக்கணும்." அவர் குரலிற் குறைகூறும் தொனி இருக்கவில்லை, நிகழ்ந்ததைக் கூறினார், அவ்வளவே. ஆயினும் நான் அதுவரை கேட்ட முன்வாசலின் காலத்திற்குப் பின்னால் அடுப்படியின் காலம் ஒன்றும் இருந்தது என்பதை அன்றே உணர்ந்தேன்.

நண்பரின் மகன் திருக்கோவிலில் வாழ்வதாக அறிந்து தட்டுகளுடன் அங்குச் சென்றேன். தந்தையார் காலமாகிவிட்டிருந்தார். அவர் என்னை வரவேற்றுத் தேநீர் தந்து, இரண்டு தட்டுகளைக் கேட்டார். "தம்பி, அப்பா பாட்டுப் பற்றிக் கதைச்சதில்ல. பூட்டிப்போட்டு வந்த வீட்டுத் திறப்பைத்தான் சாகுமட்டும் மடியில வெச்சிருந்தார்" என்றார். எது அவர்களுடையதெனத் தெரியவில்லை என்று சொன்னேன். ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். "மிச்சம் உங்களிட்டயே இருக்கட்டும். ஆனா உங்கட எண்டு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

எமது ஊரின் பழமையேக்கம் இவ்வளவு காலமும் அவரைக் கேட்காமலே பேசியுள்ளது. 1990 ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டதையும், அதே மாதம் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதையும், 2006 செப்ரெம்பரிற் பொத்துவிலுக்கு அண்மையில் வேலைக்குச் சென்ற முஸ்லிம் தொழிலாளர் பதின்மர் கொல்லப்பட்டதையும் பாட்டுப்பெட்டியின் நினைவு மூடிவிடலாகாது. 'முன்னர் ஒற்றுமையாக வாழ்ந்தோம்' என்ற கூற்று, 'பின்னர் யாது நிகழ்ந்தது? அதில் எம்மவர் பங்கு யாது?' என்ற வினாக்களுக்கு முன்னுரையாக அமையுமாயின் அது நினைவு. அவ்வினாக்களைத் தவிர்க்கும் மறைப்பாக அமையுமாயின் அது மறதியின் இனியதொரு வடிவமேயாகும்.

6

இனி இதற்கு எதிராகக் கூறத்தக்கவற்றை நோக்குவோம். தனியொருவன் ஓய்வுநேரத்திற் பழைய பாட்டொன்றைக் கேட்டு இன்புறுவதில் அறத்திற்கு என்ன வேலை என ஒருவர் வினவலாம். இன்புறுவதில் யாதொரு தடையுமில்லை. எமது ஆய்வு அவ்வின்பத்தைப் பற்றியதன்று. அவ்வின்பத்திலிருந்து காலத்தைப் பற்றி அவன் பெறும் முடிவைப் பற்றியது. சுவைக்குத் தீர்ப்பில்லை எனினும் கூற்றுக்குத் தீர்ப்புண்டு.

பழமையேக்கம் இல்லையாயின் எவரும் எதனையும் காத்திருக்கமாட்டார் என்பது இன்னொரு வாதம். இது வலுவானது. ஜாஸ் தட்டுகளை அழிவிலிருந்து மீட்டது அவ்வேக்கமே என்பதை மேலே கண்டோம். என் மூத்தவாப்பாவும் ஆய்வுநோக்கினாற் பெட்டியைக் காக்கவில்லை, அன்பினாலேயே காத்தார். எனினும் ஒரு செயலைத் தூண்டுவது வேறு, அச்செயலை நியாயப்படுத்துவது வேறு. பசி உணவைத் தேடத் தூண்டும். கிடைத்த உணவு யாருடையது என்ற வினாவிற்குப் பசி விடையாகாது.

பழமையை அறவே கைவிட்டு முன்னோக்கிச் செல்லுதலே முற்போக்கு என்பாரும் உளர். இதுவும் ஏற்புடையதன்று. கடந்தகாலத்தைக் கைவிட விழைவோர் பெரும்பாலும் அதன் கடன்களையும் சேர்த்தே கைவிட விழைகின்றனர். பெட்டியை எறிந்துவிட்டால் அமானிதப் பொறுப்பும் தீர்ந்தது என எண்ணுதல் போன்றது அது.

ஆகவே எமது முடிபு இதுவாகும்: பழைய இசைத்தட்டைச் சேகரிப்போன் அதன் உடைமையாளன் அல்லன், அதனைப் பிறருக்காகக் காப்போன். இவ்வெண்ணத்தைக் குறிக்க இஸ்லாமிய மரபில் அமானிதம் என்னும் சொல் உண்டு. தமிழ் மரபில் அடைக்கலம் என்னும் சொல் உண்டு. சிலப்பதிகாரம் அப்பெயரால் ஒரு காதையையே கொண்டுள்ளது. இரு சொற்களும் ஒரே கடமையைச் சுட்டுகின்றன. அமானிதத்தின் மீது அன்பு கொள்ளலாம். அதனாற் பெருமிதமும் அடையலாம். ஆனால் கணக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

அக்கணக்கு மூன்று வகைப்படும். முதலாவது, பெயரைத் திருப்பிக் கொடுத்தல். கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே கூறிச் சென்றார். ஏனையோருள் மிகப் பலர், குறிப்பாகப் பக்கவாத்தியக் கலைஞர், பெயரின்றியே ஒலிக்கின்றனர். ஒரு தட்டில் இசைத்தவர் யார், அவர் எந்நிலையில் வாழ்ந்தார் என ஆராய்ந்து எழுதிவைத்தல் சேகரிப்பாளனின் முதற்கடமை. இரண்டாவது, வந்த வழியை மறையாது கூறுதல். ஒரு தட்டு எம்மிடம் எவ்வாறு வந்தது, அதனை விட்டுச் சென்றவர் எதனால் விட்டுச் சென்றார் என்பன அப்பாட்டின் இனிமையைக் குறைப்பினும் கூறப்படவே வேண்டும். மூன்றாவது, பதியப்படாத குரலைத் தேடுதல். தட்டில் உள்ளதை மட்டும் போற்றுவோன், எதைப் பதிய வேண்டும் என்று அன்றைய சந்தை செய்த தெரிவையே தன் தெரிவாக ஏற்றுக்கொள்கின்றான். இன்று ஒவ்வொரு மாணவனின் கையிலும் ஓர் ஒலிப்பதிவுக் கருவி உள்ளது. அன்று ஒரு பெருநிறுவனத்தால் மட்டுமே இயன்றதை இன்று எவரும் செய்யலாம். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் தத்தம் ஊரின் முதியோரைக் கேட்டுப் பதிவுசெய்தல் அரிய செயலன்று. காலம் மட்டுமே குறுகியது.

எமது வீட்டுத் தட்டுகள் முப்பதும் இப்போது மரப்பெட்டியொன்றில் உள்ளன. அவற்றிற்குப் புதிய உறைகள் இட்டு, குரலைக் கொண்டு அறிந்த பெயர்களை எழுதியுள்ளேன். உறையின் மூலையில் உரியவர் பெயர் எழுதும் இடத்தில் இரு குடும்பங்களின் பெயரும் உள்ளன. பெட்டி நிரம்பிய அன்று உம்மம்மாவிடம், அடுப்படியில் அவர்கள் பாடியது எதுவெனக் கேட்டேன். முதலில் வெட்கப்பட்டு மறுத்தார். பின்னர் தம் உம்மா நெல் குற்றும்போது பாடிய கவிகளில் இரண்டைப் பாடினார். மூன்றாவது நினைவில் வரவில்லை. அவ்விரண்டும் பதிவாகியுள்ளன.